சாவி என்னிடம் இருக்கிறது

கேத்தி பாலாடாவில் கேரட் கழுவும் மெஷின்
இரவு பதினொன்றுக்கு நிற்கும்.
அதன்பின் எங்கள் பிக்கப் கிளம்பும்.
ஒரு ராத்திரி நான், ஒரு ராத்திரி யோகேஸ்வரன்.
தவணை பாதி அவன், பாதி நான்.
சாவி ஒன்றுதான். ஆணியில் தொங்கும்,
யார் வீட்டு ஆணி என்று கணக்கில்லை.

போன வருஷம் கார்த்திகையில்
தொடர்ந்து மூன்று ராத்திரி அவனே ஓட்டினான்.
சோறு வேண்டாம் என்றான்.
பகலில் தூங்காமல் வண்டியைக் கழுவினான்,
டயரின் பள்ளங்களைப் பல்குச்சியால் சுரண்டினான்.
"என்னடா சாப்பிடற?"
"ஐஸ்."
நம்ம ஊரில் மார்கழியில் புல் மேல் சும்மா கிடப்பதைக்
காசு கொடுத்தா வாங்குகிறாய் என்று சிரித்தேன்.
அந்தச் சிரிப்புக்கு
இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் எல்லோருக்கும் அவனைப் பிடித்திருந்தது.
இதை யாரும் வெளியே சொல்வதில்லை.
மண்டிக்காரருக்குப் பிடித்தது. பவளராணிக்கும்.
விடிய விடியப் பேசினானாம் அவளிடம்,
கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் பேசாததையெல்லாம்.
எனக்கும் பிடித்தது.
ஒரு லோடுகூடத் தப்பவில்லை.

பிறகு வண்டி ஸ்டீரியோவைப் பிரித்தான்.
பிறகு மிக்சி, டார்ச், மகளின் பேசும் பொம்மை.
சமையலறைத் தரையில் திருகாணிகளை
அளவு பார்த்து வரிசையாக அடுக்கி
நடுவில் உட்கார்ந்திருந்தான்,
ஒன்றையும் திரும்ப மாட்டத் தெரியாமல்.
பொம்மை வயிற்றிலிருந்து ஒரு பச்சை வயரை இழுத்து
மெர்லினிடம் காட்டியிருக்கிறான்:
"இது வழியாத்தான் உன் சித்தப்பன் ஒட்டுக் கேக்கறான்."
சித்தப்பன் நான்.

பூச்சி ஊருகிறதென்று சொறிந்த முழங்கை
சீழ் பிடித்தது.
கடைவாய்ப் பல்லொன்று
அவரைக்கொட்டை மாதிரி கையோடு வந்தது.
பர்லியாறில் வண்டியை நிறுத்தி
பின்னால் வந்த லாரி நம்பர்களை
உள்ளங்கையில் எழுதினான்.
பவளராணி அருவங்காட்டில் தம்பி வீட்டுக்குப் போனாள்.
நான் ஆணியிலிருந்து சாவியை எடுத்தேன்.
அன்றைக்கு ஜாக்கி லீவரால் அடித்தான்.
காதுக்கு மேல் நாலு தையல்.
அடிக்கும்போது அவன் கண்ணைப் பார்த்தேன்,
என்னைவிட அவன்தான் பயந்திருந்தான்.

ஊட்டி பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா
மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டார்.
எனக்குப் புரிந்தது இவ்வளவு:
மூளைக்குள் ஒரு மடை இருக்கிறது.
பசித்துச் சாப்பிட்டால், பிள்ளை வந்து கழுத்தைக் கட்டினால்
கொஞ்சம் திறந்து மூடும்.
இவன் ஒரு மாசத்துத் தண்ணீரை
ஒரே ராத்திரியில் திறந்திருக்கிறான், திரும்பத் திரும்ப.
பலகை அடித்துக்கொண்டு போய்விட்டது,
வாய்க்காலும் பல இடத்தில் தூர்ந்துவிட்டது.
"திரும்ப வருமா?"
"நிறைய வரும். எல்லாம்னு சொல்ல மாட்டேன்.
ஒரு வருஷம், மேலயும் ஆகலாம்.
அதுவரைக்கும் அவருக்கு எதுவும் ருசிக்காது.
அதைக் கோபம்னு எடுத்துக்காதீங்க."
கடைசி வார்த்தையை மட்டும் பவளராணி
இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

இது ஏழாவது மாசம்.
லோடு கிளம்பும் நேரம் பார்த்து வந்து
பக்கத்து சீட்டில் உட்காருகிறான். கூலி கேட்பதில்லை.
கழுவின கேரட் ஒன்றை முன்பல்லால் கடிக்கிறான்.
இனிக்கிறதா என்று நான் கேட்பதில்லை.
மெர்லின் போன ஞாயிறு வந்திருந்தாள்,
செருப்பைக் கழற்றாமல் கதவோரம் நின்றே பேசினாளாம்.
கரண்ட் பில் வந்ததைச் சொல்வது போலச் சொன்னான்.

குன்னூர் தாண்டினால் கொண்டை ஊசிகள்.
முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டே
பலகைக்கு முன்னால் எண்ணைச் சொல்லிவிடுவான்.
நேற்று அவனாகவே ஆரம்பித்தான்.
பதினாலு.
பதிமூணு.
அடுத்ததில் வாய் திறந்தபடி இருந்தது.
மஞ்சு விலகிப் பலகை வெளிச்சத்தில் வந்தது,
நான் கவனிக்காதவன் மாதிரி கியரை மாற்றினேன்.
"பத்து" என்றான்.
வளைந்து இறங்கினோம்.
வெகுதூரம் போனபின்
"இல்ல, பன்னெண்டு" என்றான்.

சாவியை அவன் கேட்கவில்லை.
கேட்டால் என்ன சொல்வதென்று
பர்லியாறு வரைக்கும் யோசித்துக்கொண்டே ஓட்டினேன்.