நியூட்ரல்

புதுசு இரண்டு டன் எண்ணூறு கிலோ.
பழசு ஆயிரத்து முந்நூறு.
எனக்கு எந்த வண்டியும் முதலில் எடைதான்.
பிறகு கொக்கி மாட்டும் இடம்.
பெயர், நிறம், யாருடையது என்பதெல்லாம்
பில் எழுதும்போது.

பிதியாவில் மூன்றாவது மணல்மேட்டின் முதுகில்
வயிறு தட்டி உட்கார்ந்திருந்தது புதுசு.
மணலுக்கு ஒன்று, சேற்றுக்கு ஒன்று, பாறைக்கு ஒன்று
என்று திருகுகிற குமிழில் படம் போட்டிருக்கிறது.
எல்லாப் படத்தையும் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள்,
வியாழன் இரவு முழுக்க,
பேட்டரி சாகும்வரை.
சீட்டில் ஷோரூம் பிளாஸ்டிக்கைக்கூட இன்னும் கிழிக்கவில்லை.
செத்தும் பிடிவாதம் போகவில்லை.
கியர் பூட்டு, பிரேக் பூட்டு,
சாவி என்று கையில் தந்தது ஒரு கூழாங்கல்.
குளிக்க வராத பிள்ளையை இழுப்பதுபோல்
நாலு சக்கரமும் உருளாமல் இழுத்தேன்.
வின்ச் கம்பி முனகியது.
மணலில் இரண்டு வாய்க்கால்.

பழசு இப்ராவில்,
ஒரு பேரீச்சம்பழக் கிடங்குக்குப் பின்னால்.
ஐம்பத்தொன்பது மாடல்.
இடது முன்விளக்குக்குள் குளவிக்கூடு.
டயருக்குக் காற்றடித்துவிட்டு
ஜன்னல் வழியே கையை விட்டேன்.
கியர் குமிழ் இப்படியும் அப்படியும் ஆடி
நடுவில் வந்து நின்றது.
தோளால் ஒரு தள்ளு.
கிளம்பலாமா என்பதுபோல் வந்தது,
வழியெல்லாம் எண்ணெய் சொட்டிக்கொண்டு.

நகர மாட்டேன் என்றதற்கு மேலே சவாரி.
உருளத் தெரிந்தது பின்னால்,
மூக்கை மட்டும் தூக்கிக் கொடுத்துவிட்டு.

பித்பித் இறக்கத்தில் போன். அய்மன்.
"என் வண்டி நகர்கிறதாம், மெசேஜ் வருகிறது. யார் நீ?"
பெரிய பேட்டரி செத்தாலும்
உள்ளே எங்கோ ஒரு குட்டி பேட்டரி விழித்திருந்து
கோள் சொல்லியிருக்கிறது.
"நீங்கள்தானே கூப்பிட்டீர்கள்?" என்றேன்.
"ஆமாம்" என்றான். "இருந்தாலும்" என்றான்.
கண்ணாடியில் பழசைப் பார்த்தேன்.
எட்டுக் கை மாறியது என்று கிடங்குக்காரர் சொன்னார்.
ஒருத்தரைப் பற்றியும் அது வாய் திறக்கவில்லை.
டேஷ்போர்டு அறையில் ஒரு சீப்பு,
அதில் மருதாணிச் சிவப்பில் ஒரு முடி.
யாருடையதோ. மூடிவிட்டேன்.

சீபில், அதை வாங்கிய ஷம்ஸாவின் வீட்டில்
கார் நிறுத்தும் இடம் தரைக்குக் கீழே.
சரிவைப் பார்த்ததும் என் ஹெல்ப்பர் சாந்தப்பன்
செருப்பைத் தேடத் தொடங்கினான்.
நானே உள்ளே உட்கார்ந்தேன்.
ஸ்டீயரிங் தாம்பாளம் அகலம், சுண்டுவிரல் தடிமன்.
இன்ஜின் ஓடவில்லை.
பிரேக் சந்தேகம்.
ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பி விட்டேன்.

பதினோரு விநாடி.
சத்தமே இல்லை, டயர் தரையை நக்குவது தவிர.
ஒன்பது வருஷமாய் வண்டிகளைச் சுமந்தவன்
முதல்முறை ஒன்றின் மடியில் இறங்கினேன்.
ஷம்ஸா கடைசிச் சுவரோரம்
இரண்டு கையையும் நீட்டி நின்றார்,
நிறுத்திவிடப் போகிறவர்போல.
ஒரு முழம் பாக்கி வைத்து நின்றது.
"இன்னொரு தடவை விடலாமா?" என்றார்.
இருவருக்கும் சிரிப்பு.

மேலே என் ட்ரக்கில்
போன் அடித்துக்கொண்டேயிருந்தது.
ஆபீஸ்.
பதினேழு நிமிஷமாய் ஒரே இடத்தில் நிற்கிறேனாம்.