பதினாறு பல்

போன நவம்பரில்
முப்பத்தோரு அங்குல டயரைக் கழற்றி
முப்பத்தைந்து மாட்டினேன்.
பனியும் சேறும் இனி எனக்குக் கீழே என்று
வண்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது.
முள்ளுக்கு யாரும் சொல்லவில்லை.
ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம்,
அவ்வளவுதான் உலகம் என்று
அது பழைய கணக்கிலேயே இருந்தது.

லஸ்க் ஊருக்கு வடக்கே
வளைவே இல்லாத சாலையில்
போலீஸ்காரன் நிறுத்தினான்.
அறுபத்தைந்தில்தான் வந்தேன் என்றேன்.
எழுபத்து மூன்று என்றான்.
இருவரும் பொய் சொல்லவில்லை.
பின்சீட்டில் கன்று இழுக்கும் சங்கிலிகளைப் பார்த்தான்,
குனிந்து சக்கரத்தைப் பார்த்தான்.
'டயருக்கும் வைத்தியம் பாருங்கள், டாக்டர்.'
சீட்டுக் கிழிக்கவில்லை.

மறுநாள் மாவிஸ் கூட வந்தாள்.
மாட்டுக்கு நாடி எண்ணும் கடிகாரம் கையில்,
கன்னத்தில் சூரியகாந்தி விதை.
முள்ளை அறுபதில் பிடித்துவைத்தேன்.
பச்சைத் தகட்டு மைல்கல் ஒன்றிலிருந்து அடுத்தது வரை
சரியாக ஒரு நிமிஷம் ஆக வேண்டும்.
'ஐம்பத்து மூன்று.'
காற்று எதிரே அடிக்கத் திரும்பி வந்தோம்.
'ஐம்பத்து மூன்று.'
வேலிக்கு அப்பால் மான்கள் தலை தூக்கிப் பார்த்தன,
மறுபடி மேயப் போய்விட்டன.

கொட்டகையில் மல்லாந்து படுத்து
கியர்ப்பெட்டியின் வால்பக்கம் ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றினேன்.
எண்ணெய் முழங்கை வரை ஒழுகியது.
வெளியே வந்தது கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் சக்கரம்,
பதினெட்டுப் பல்.
கடையில் தந்தது பதினாறு.
முள் வேகமாக ஓட இரண்டு பல் விழ வேண்டுமாம்.
குதிரைக்கு வயது பல்லில் பார்ப்பேன்.
வண்டியின் வாயை இப்போதுதான் திறக்கிறேன்.

'ஐம்பத்தொன்பது. எட்டு.'
மாவிஸ் தோலை ஜன்னலுக்கு வெளியே துப்பினாள்.
வயோமிங் காற்று
அதை அவள் மடியிலேயே திருப்பிக் கொடுத்தது.

தூரத்துக்கும் சேர்த்துத்தான் பில் போடுகிறேன்.
ஆரின் ஹால்டமன் போன் செய்தார்.
'முப்பத்தைந்து மைல் போட்டாய், இப்போது நாற்பது.
என் பண்ணையை நான் நகர்த்தவில்லையே.'
டயரைச் சொன்னேன், பல்லைச் சொன்னேன்.
அந்தப் பக்கம் ஒரு நாய் குரைத்து ஓய்ந்தது.
'டயர் மாற்றியது நீ.
தூரம் எப்படி என் தலையில் விழுந்தது?'

அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தவள்
பிப்ரவரி பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.
பெரில் டோலிவரின் கிடேரி, தலைப்பிரசவம்,
கன்று கால் மடங்கி நின்றிருந்தது.
இரவு இரண்டு மணி, சாலையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி.
எழுபதுக்கு மேல் மிதிக்கத் துணியவில்லை.
பெரில் டார்ச்சைத் தரையில் வைத்துவிட்டு நின்றாள்.
'கொஞ்சம் முன்னே' என்று தொடங்கி
முடிக்காமல் விட்டாள்.
அன்றிலிருந்து அந்தச் சாலையில்
தூக்கம் வராத இரவுகளில்
இன்னும் கொஞ்சம் மிதித்துக்கொண்டே இருக்கிறேன்.

பென்சில் எடுத்தேன்.
எழுபதை முப்பத்தைந்தால் பெருக்கி, முப்பத்தொன்றால் வகுத்து.
எழுபத்தொன்பது.
எழுபத்தொன்பதில் போக எனக்குத் தைரியம் கிடையாது.
போயிருக்கிறேன்.
பெரிலுக்குச் சொல்லலாம்.
சொல்லி?
கிடேரி எந்தக் கணக்கிலும் எழுந்திருக்காது.

பழைய பதினெட்டுப் பல்
சில்லறை போடும் குழியில் கிடக்கிறது.
பண்ணை வாசல் கம்பிப் பாலத்தில் ஏறும்போதெல்லாம்
கடகடவென்று வாய்க்கு வந்ததைச் சொல்கிறது.

ஹால்டமனுக்கு
முப்பத்தேழரை என்று எழுதி
உறையை ஒட்டினேன்.