ஒற்று

கிளைபெடாவில் பிப்ரவரி.
துறைமுகத்துப் பளுதூக்கிகள் பாதி பனிமூட்டத்துக்குள்.
நான்காம் மாடி, மின்தூக்கி ஓடவில்லை.
கதவில் மூன்று பூட்டுகள்;
மூன்றாவதைச் சுற்றி மரத்தூள் இன்னும் ஒட்டியிருந்தது.

"கணினி மெதுவாகிவிட்டது" என்றுதான்
தொலைபேசியில் சொல்லியிருந்தாள் ஔத்ரோனே.
எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்,
மருத்துவரிடம் போய் "லேசான தலைவலி" என்பதுபோல.

கேமராவின் கண்மேல்
குழந்தைகள் முழங்காலுக்கு ஒட்டும் பிளாஸ்திரி,
மஞ்சள் வாத்துப் படம் போட்டது.
யாரும் தொடாதபோதும்
விசிறி இரைந்துகொண்டிருந்தது.

முதலில் அகப்பட்டவை சில்லறைத் திருடர்கள்.
மகன் உக்னியுஸ் இறக்கிய கார்ப்பந்தயத்தோடு
தொற்றிக்கொண்டு வந்தவை:
தள்ளுபடி கூவும் பட்டை,
தேடியதை வேறு கடைக்குத் திருப்பிவிடும் ஒன்று,
அவள் மின்சாரத்தில் எவனுக்கோ
நாணயம் தோண்டிக்கொண்டிருந்த இன்னொன்று.
விசிறியின் மூச்சிரைப்பு அதனால்தான்.
துடைத்தேன்.
புதுப்பிப்புகள் பதினான்கு மாதம் பாக்கி. போட்டேன்.
வைரஸ் தடுப்பானின் சந்தா
போன கோடையோடு முடிந்திருந்தது.
காபி கொடுத்தாள். அப்போதே கிளம்பியிருக்கலாம்.

பிறகுதான் அதைப் பார்த்தேன்.
அச்சுப்பொறிக்கு உரியதுபோல் வேடமிட்ட ஒரு கோப்பு.
இந்த வீட்டில் அச்சுப்பொறியே கிடையாது.

ஒற்று என்று ஒரு சொல்.
விரல் விசையைத் தொட்டு அழுத்துவதும் அது,
ஒளிந்திருந்து அறிவதும் அது,
சொல்லின் நடுவே புள்ளி தாங்கி நின்று
இருந்தால் யாரும் கவனிக்காத எழுத்தும் அது.
அவள் ஒற்றிய ஒவ்வொன்றையும்
இந்தக் கோப்பு ஒற்றியெடுத்து
இரவு இரண்டு பத்துக்கு ஒரு முகவரிக்கு அனுப்பியது.
வழக்கறிஞருக்கு எழுதியது. வங்கி எண்கள்.
அக்காவுக்கு எழுதி, அனுப்பாமல் அழித்தது.
அழிக்க எத்தனை முறை அழுத்தினாள் என்பதையும்.

நிறுவிய தேதியைப் படித்தேன்:
மூன்று ஆண்டுக்கு முன், அக்டோபர் ஒன்பது.
"என் பிறந்தநாள்" என்றாள்.
"அவன் கொடுத்த பரிசு இது.
எல்லாம் போட்டுத் தயாராக வைத்திருக்கிறேன் என்றான்.
ரிப்பன்கூடக் கட்டியிருந்தான்."
திரும்பிக் கதவைப் பார்த்தாள்,
பூட்டுக்காரனுக்குக் கொடுத்த பணத்தைக் கணக்கிடுபவள்போல.

அழிக்கப் போன கையை நானே இழுத்துக்கொண்டேன்.
இது சாட்சி.
காவல்துறை நகலெடுக்கும்வரை இருக்கட்டும்.
முக்கியமானதெல்லாம் அக்காவின் கைபேசியில்.
இதில் வழக்கம்போல் தட்டிக்கொண்டிருங்கள்,
திடீரென்று மௌனமானால் தெரிந்துவிடும்.

ஐந்து நாள் நடித்தாள், பத்து விரலால்.
பீட்ரூட் விலை தேடினாள்.
உக்னியுஸின் பனிக்காலணி அளவு.
சனிக்கிழமை காற்று பலமாக இருக்குமா.
ஒரு ராத்திரி மட்டும்
திறந்த கேஃபிர் எத்தனை நாள் கெடாது என்று கேட்டுவிட்டு
அதன் கீழே
"தூங்கினாயா?" என்று தட்டிவிட்டாளாம்.
யாரை என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆறாம் நாள் வட்டை மொத்தமாய்த் துடைத்து
எல்லாவற்றையும் புதிதாய் நிறுவினேன்.
வாத்து இருக்கட்டும் என்றாள்.
திரை கடவுச்சொல் கேட்டது.
அவள் என்னைப் பார்த்தாள்.

சன்னலுக்குத் திரும்பிக்கொண்டேன்.
காயலைக் கடந்து போகிறது ஒரு படகு,
இரண்டு கார், ஒரு சைக்கிள்.
முதுகுக்குப் பின்னால் விசைகள்.
பதினேழு.
பதினொன்றுக்குப் பிறகு ஒரு தயக்கம்.
எண்ணிவிட்டிருந்தேன்.
காது யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.

ரசீதில் எழுதினேன்: சுத்தம் செய்தது, நான்கு மணி நேரம்.
கதவருகே குனிந்து காலணி மாட்டும்போது சொன்னேன்:
"நான் போனதும் இன்னொரு முறை மாற்றிவிடுங்கள்."

"தெரியும்" என்றாள்.
படியில் கால் வைக்குமுன்
முதல் பூட்டு.