திருத்தப்பட்டது

இரவு ஒன்று இருபதுக்கு எழுதினேன்,
வியர்வை காயாத கையால்.

கல்முனையில் வாங்கிய ஸ்டாண்ட் ஃபேன்
மூன்றாம் நாளே கதைக்கத் தொடங்கியிருந்தது,
கலியாண வீட்டிலிருந்து திரும்பிய சாச்சிமார் மாதிரி
மூச்சு விடாமல், கடகடவென்று.
சித்திரை வெக்கை. சாய்ந்தமருதுக் கடலும் அன்று
காற்றைத் தன்னிடமே வைத்துக்கொண்டது.
போனில் கடைப் பெயரைத் தேடினேன்.
பிறைட்லைன். வந்தது. அழுத்தினேன்.
ஒரு நட்சத்திரம். அதற்குக் கீழே கொடுக்க
இடம் வைக்கவில்லை அவர்கள்.

"கேவலம்" என்று தொடங்கினேன்.
என்ன கேவலம், எந்த மொடல், எங்கே சத்தம்
ஒன்றும் எழுதவில்லை.
"ஊரே சொல்லுது" என்றேன்.
ஊர் உறங்கிக்கொண்டிருந்தது.
"கள்ளக் கூட்டம்" என்றேன். நான் கண்டது
பல்லுக்குக் கம்பி போட்ட ஒரு பொடியனை மட்டும்.
அவனையும் விடவில்லை:
"அந்தக் கம்பிப்பல் சிரிப்பை நம்பி ஏமாறாதீர்கள்!!!!!!"
தாகம் தீர்ந்தமாதிரிப் படுத்தேன்.

சுபஹுக்குப் பிறகு மகன் உவைஸ்
ஃபேனின் முதுகைத் தடவிப் பார்த்து
ஒரு திருகாணியை இரண்டு சுற்றுச் சுற்றினான்.
சத்தம் நின்றது.
"காகிதத்தில படம் போட்டிருக்கே உம்மா, பார்க்கல்லயா?"
பார்த்தேன்தான். எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்ந்தது.

நான் எழுதியது அதற்குள்
பதினொரு பேருக்குப் பிரயோசனப்பட்டதாம்.

பகலில் பதில் வந்தது:
"சகோதரி, மன்னிக்கவும்.
நாங்கள் அக்கரைப்பற்றில் மூக்குக்கண்ணாடிக் கடை.
காற்று விற்பதில்லை.
வாசிக்கக் கஷ்டமென்றால்
ஒருமுறை வந்து போங்கள்."

அழித்திருக்கலாம். ஒரு தட்டு.
வாசித்துவிட்டுப் போன பதினொரு பேரை
எங்கே போய்த் தட்டுவது?
பழையதன் மேலேயே எழுதினேன்:
"கடை மாறிவிட்டது. பிழை என்னுடையது."
சனிக்கிழமை பஸ் ஏறினேன்.
காரைதீவு, நிந்தவூர், ஒலுவில்,
தூரத்துப் பலகையெல்லாம் துப்புரவாகத் தெரிந்தது.
கையிலிருந்த டிக்கெட்தான் தெரியவில்லை.

நவேந்திரன் என்ற அந்த மனுசன் ஏசுவார் என்று
பதில் பாடமாக்கிக்கொண்டு போனேன்.
அவர் ஓர் அட்டையை நீட்டி
"எந்த வரி மட்டும் தெரியுது?" என்றார்.
மூன்றாம் வரியில் நின்றுவிட்டேன்.
"நட்சத்திரம் போனது போகட்டும்.
எங்கட கடையிலயும் ஒரு பிள்ளை
பல்லுக்குக் கம்பி போட்டிருக்கா.
தன்னைத்தான் எழுதியிருக்கு எண்டு
ரெண்டு நாளா வாய் திறக்கல்ல."

மூலையில் ஃபிரேம் துடைத்துக்கொண்டு நின்றாள்,
மாஸ்க் போட்டபடி.
பாடமாக்கிய பதில் ஒன்றும்
அந்தப் பக்கம் போகவில்லை.
கிட்டப் போய், "உங்களை இல்ல மகள்" என்றேன்.
தலையாட்டினாள். மாஸ்க்கைக் கழற்றவில்லை.

கண்ணாடி கைக்கு வந்ததும் கடைவாசலில் நின்றே
ஐந்து நட்சத்திரம் போடப் பார்த்தேன்.
"இலங்கையிலேயே சிறந்த" என்று விரல் ஓடியது.
நவேந்திரன் எட்டிப் பார்த்தார்.
"எத்தனை கடைக்குப் போய்ப் பார்த்தீங்க?
ஒரு கிழமை போட்டுப் பாருங்க,
மறுகா எழுதுங்க."

இன்று ஏழாம் நாள். பகல். சாப்பிட்டுவிட்டேன்.

"ஒன்றே கால் பவர். போன் எழுத்துத் துலக்கம்.
வலப்பக்கம் மூக்கில் அழுத்துகிறது,
தஸ்பீஹ் ஓதி முடியுமுன் கழற்ற வேண்டியிருக்கிறது.
மூவாயிரத்து எண்ணூறு ரூபாய், ரசீது தந்தார்கள்.
ஃபிரேம் எடுக்க உதவிய பிள்ளைக்குப் பொறுமை அதிகம்.
பெயரைப் போடலாமா என்று கேட்டேன்,
வேண்டாம் என்றார். போடவில்லை."

நான்கு.
ஐந்தாவதின் மேல் விரல் கொஞ்ச நேரம் நின்றது.

ஃபேன் பக்கத்தில் சுற்றுகிறது, பேச்சில்லாமல்.
கல்முனைப் பொடியனுக்கு
நான் திட்டியதும் தெரியாது,
திருகாணி கதையும் தெரியாது.
அடுத்த வீட்டுக்கும் ஒரு ஃபேன் விற்று,
கம்பி தெரியச் சிரித்திருப்பான்.