ஒரு நெல் நீளம்

காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு மட்டும்தான் சத்தம் என்றார்.
சோளக்கொட்டையைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்கினாற்போல
மூன்று செக்கன்.
பிறகு எண்ணெய் ஏறும். எல்லாம் அடங்கும்.
"மூண்டு செக்கன்தானே, பொறுக்கலாமா?"
பொனட்டில் காது வைத்துக் கேட்டேன்.
பொறுக்க ஏலாது டொக்டர்.

சிவப்பு மஸ்டா. இரண்டே இருக்கை.
நொச்சிமுனை ஒழுங்கையின் ஒவ்வொரு மேட்டிலும் வயிறு உரசி வந்தது.
பெரியாஸ்பத்திரியில் ஆட்களை உறங்கவைக்கிற டொக்டர்.
விடியப்புறம் நாலரைக்கு, ஆடுமாடு ரோட்டுக்கு வருமுன்,
பாசிக்குடா மட்டும் போய்த் திரும்புவாராம்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
மற்ற இருக்கையில் ஒரு தண்ணீர்ப் போத்தல்
பெல்ட் போட்டு இருந்தது.

மூடிகளைக் கழற்றினோம்.
பர்ஹாத் பிஸ்கட் பெட்டி மட்டையில் எஞ்சினைக் கீறி
ஒவ்வொரு போல்டையும் அதனதன் இடத்தில் குத்தி வைத்தான்.
உப்புக்காற்று ஊர், போல்டுகள்
முனகாமல் கழன்றதே பெரிய காரியம்.

இந்த எஞ்சினுக்கு ஒரு குணம்.
கிராங்கில் ஆப்பு கிடையாது.
இன்ன இடத்தில்தான் நில் என்று சக்கரத்துக்குச் சொல்ல
ஒரு வெட்டுமில்லை, ஒரு பள்ளமுமில்லை.
முன்னால் ஒரே ஒரு போல்ட்,
அதன் இறுக்கம். அவ்வளவுதான்.
வால்வு எப்போது திறக்கும், பிஸ்டன் எங்கே நிற்கும்,
எல்லாம் அந்த இறுக்கத்தை நம்பிச் சுற்றுகின்றன.
தளர்த்திய கணம்
நேரம் என்று ஒன்று இல்லை.

ட்யூட்டி முடிந்து வந்து ஸ்டூலில் இருந்தார் டொக்டர்.
"திறந்து போட்டுட்டுச் சாப்பிடப் போவீங்களா?"
"போவம்."
"நாங்க ஏலாது" என்றார். டோர்ச்சை வாங்கிப் பிடித்தார்.
நல்ல கை. வெளிச்சம் ஆடவில்லை.

பழைய செயினையும் புதியதையும்
பக்கத்தில் பக்கத்தில் ஆணியில் தொங்கவிட்டேன்.
வித்தியாசம் ஒரு நெல் நீளம்.
அதற்கா இவ்வளவு சத்தம் என்றான் பர்ஹாத்.

கேம் இரண்டுக்கும் சட்டம் வைத்துப் பூட்டி,
கிராங்குக்குப் பின் கொடுத்து,
புது போல்டை நூறு வரைக்கும், அதன்பின் கால் சுற்று.
ரெஞ்ச் 'க்ளிக்' என்றது. என் தோளும்.
பூட்டுகளை எடுத்துக் கையால் இரண்டு சுற்று சுற்றி
திரும்பப் பின்னைக் கொடுத்தேன்.
கப்பியின் துவாரம் நேருக்கு வரவில்லை.
பாதி ஓட்டை, பாதி இரும்பு.
ரமழான் பிறை மாதிரி மெலிந்த ஒரு வெளிச்சம்.

இறுக்கும்போது எங்கோ அசைந்திருக்கிறது. என் பிழை.

"ஓடும்தானே அண்ணே" என்றான் பர்ஹாத்.
ஓடும். அதுதான் கஷ்டம்.
மூடிவிட்டால் ஆருக்கும் தெரியாது,
ஒரு மாதம், இரண்டு மாதம், டேஷில் மஞ்சள் லைட் எரியும்வரை.
இந்த போல்டை ஒருதரம்தான் இழுக்கலாம்.
இழுபட்டது இழுபட்டதுதான்.
வேறொன்று கொழும்பிலிருந்து வரவேண்டும்.

இரவு பத்தரைக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் ஏதோ மெஷின் சத்தம் மட்டும்.
"மூட முதல் நாங்க பஞ்சு எண்ணுவம்.
ஒண்டு குறைஞ்சா, விடிஞ்சாலும் மூட விடமாட்டன்."
பிறகு கேட்டார்:
"போல்ட் என்ன விலை?"
அது என் கணக்கு என்றேன்.

இரண்டாம் நாள், கல்முனை போகிற இரவு பஸ்.
கல்லடிப் பாலத்தடியில் நாலு நாற்பதுக்கு
கண்டக்டர் பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலத்தை
நித்திரைக் கண்ணோடு நீட்டினார்.
விரல் மொத்தம். அதற்குப் போய் எண்ணூறு ரூபாய் பாசல்கூலி.

இந்தமுறை மூச்சை எண்ணி இறுக்கினேன்.
இரண்டு சுற்று.
பின் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே போனது.
நம்பாமல் இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினேன். அப்போதும் போனது.

டொக்டர்தான் ஸ்டார்ட் பண்ணினார்.
மூன்று செக்கன், நாலு, ஐந்து.
களப்பில் ஆரோ வலை உதறுகிற சத்தம் கூடக் கேட்டது.
"ஒண்டும் கேக்கல்லியே.
வேலை செய்யுதா?"

பழைய செயின் இப்போது கராஜ் கேற்றில்.
பூட்டுப் போட்டால்
ஒரு நெல் நீளம் தொய்ந்து நிற்கும்.
கேற்றுக்கு அது போதும்.