வங்கி வாங்காத பறவை

கனடாக்காரர்கள் தலையணைக்கடியில் விட்டுப்போகும்
ஒரு டாலர் காசில்
பேர் தெரியாத நீர்ப்பறவை ஒன்று மிதக்கிறது.
இரண்டு டாலர் என்றால் பனிக்கரடி.

இகுவே நகரத்து வங்கியில் யாமிலே
மயோனைஸ் பாட்டிலைக் கவிழ்த்தபோது
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவன்
தாள் என்றால் மாற்றித் தரலாம் என்றான்,
காசு செல்லாது.

செல்லாதாம்.
நாற்பத்தேழு பறவை, பதினொரு கரடி.
முதுகு ஒடிய விரித்த மெத்தைகளின் எண்ணிக்கை
இதில் சேர்த்தியில்லை.

அதனால் சனிக்கிழமைகளில்
விமான நிலையப் பேருந்து உறுமிக்கொண்டு நிற்கும்போது
ஊர் திரும்புகிறவர்களிடம் போய் நிற்பாள்.
மனப்பாடம் செய்த ஒரே ஆங்கில வாக்கியம்:
இருபது காசு, ஒரு தாள், எண்ணிக்கொள்ளுங்கள்.

3107-ஆம் அறைக்காரர் எண்ணவில்லை.
நான்காக மடித்த பில்லை விரித்துக் காட்டினார்.
வரி பதினெட்டு சதவீதம்.
சேவைக்குப் பத்து.
எல்லாம் கட்டியாச்சு, அம்மா, எல்லாம்.

அந்தப் பத்தை
ஒன்பது வருஷத்தில் இன்றைக்குத்தான்
எழுத்தில் பார்க்கிறாள்.
ப்ளீச்சில் வெடித்த ஆள்காட்டி விரலை
அதன்மேல் வைத்து
தன் பாஷையில் கேட்டாள்:
இதுவா நான்?
இது எங்கே போகிறது?

அவருக்கு ஸ்பானிஷ் தெரியாது.
முகம் கொஞ்சம் சிவந்தது.
கால்சட்டைப் பையைத் துழாவி,
சாவி, மணல், சூயிங்கம் காகிதம் எல்லாம் விலக்கி,
எதையோ எடுத்து
அவள் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

பேருந்து திரும்பி மறையும்வரை
அவள் கையைத் திறக்கவில்லை.
எடையிலேயே தெரிந்துவிட்டது.

நாற்பத்தெட்டு.