சத்தம் போடாத பெட்டி

களியக்காவிளையில் என் கடை.
வாசலில் நின்று துப்பினால் கேரளத்தில் விழும் என்பார்
ஏத்தன்குலை மண்டி செல்லையன்.
கொஞ்சம் கூடுதல்தான்.
நடுவில் ஒரு மீன்சந்தை கிடக்கிறது.

ஆவணி முதல் வாரம்
மழையோடு மழையாக வந்திறங்கின
பன்னிரண்டு புதுக் கம்ப்யூட்டர்கள்.
போன வருடத்துப் பெட்டி முட்டு உயரம்;
இது சோறு கொண்டுபோகிற சம்படம்.
சிடி தின்ன வாயில்லை.
பொத்தானை அடிவயிற்றில் வைத்திருக்கிறார்கள்.
விலை மட்டும் பதினோராயிரம்
மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது.

செல்லையன்தான் முதலில் தூக்கிப் பார்த்தார்,
குலை தூக்கி நிறை சொல்லும் அதே கையால்.
"எடை காணாதே மக்கா.
உள்ள சாதனம் இருக்கா, தொறந்து பாத்தியா?"

ஆதார எழுத்தர் கிறிஸ்துதாஸ்
முன்பக்கம் பார்க்கவேயில்லை.
திருப்பிப் போட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
பின்பக்கத் துளைகளை
வில்லங்கச் சான்று படிப்பதுபோல் படித்தார்.
அவருடைய பிரிண்டரின் அகல முள்ளுக்கு
இதில் இடமில்லை.
"நாலெல்லை போடாத பத்திரம் வோய் இது."
குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

பாறசாலையிலிருந்து வந்த உண்ணித்தான்
"ஓணத்தினு வல்லதும் குறயுமோ?" என்றார்.
குறையாது என்றேன்.
ஓணமே குறைந்துவிட்டதுபோல் நின்றார், கொஞ்ச நேரம்.
பிறகு மழைக்கு ஒதுங்கியவர் என்று தெரிந்தது.

அஜிஷா பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு.
டிபன் பாக்ஸ் இருக்கவேண்டிய பையில்
ஸ்க்ரூ டிரைவர் வைத்திருந்தாள்.
நான் வேண்டாம் என்று சொல்லி முடிக்குமுன்
மூடி ஒருபக்கம், பெட்டி ஒருபக்கம்.
"அண்ணே, மெமரிய பத்த வச்சே குடுத்திருக்கானுவ.
கூட்டவும் முடியாது, மாத்தவும் முடியாது.
இது வாங்குறது இல்ல,
வாடகைக்கு இருக்குறது."
ஒரு திருகாணியை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

லாரி புக்கிங் ஆபீஸ் புஷ்பலீலா
துளை கேட்கவில்லை, விலை கேட்கவில்லை.
ஓடுகிற பெட்டிமேல் காதை வைத்தாள்,
கதவுக்கு அந்தப்பக்கம் யாரோ பேசுவதைக் கேட்பதுபோல.
"ஒண்ணும் கேக்கல்ல."
"கேக்காது."
"மேசைக்கிட்ட தொட்டில் கெட்டியிருக்கேன்.
பழைய சவம் ராப்பகலா மொரளுது."
எண்ணிக் கொடுத்தாள், முழுப் பணம்.
அந்த வாரத்தில் விற்றது அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் காலை வந்தாள்.
இடுப்பில் பிள்ளை, கட்டைப்பையில் பெட்டி.
இரண்டு பேருக்கும் கண் சிவந்திருந்தது.
"ஒறங்க மாட்டேங்குது.
வயித்துல கிடக்கும்போதே கேட்ட சத்தம்லா அது.
இப்ப ஈ பறந்தா முழிக்குது."

உத்தரவாத அட்டையை இரண்டு பக்கமும் பார்த்தேன்.
மின்னல் இருக்கிறது, எலி இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது.
இது இல்லை.

பரணில் ஏறிப் பழைய விசிறியொன்றை எடுத்தேன்,
இறகில் தூசியும் ஒரு பல்லி முட்டையும்.
துடைத்து, அடாப்டரில் வயர் முறுக்கிக் கொடுத்ததும்
ம்ம்ம் என்றது.
என் பில் புத்தகத்தைக் கிழித்துக்கொண்டிருந்த பிள்ளை
கிழித்த தாளைப் பிடித்தபடியே
அவள் தோளில் சாய்ந்தது.
வெளியே திருவனந்தபுரம் பஸ்
சந்தையே அதிர ஹாரன் அடித்தது.
அசையவில்லை.

"எவ்வளவு?"
அறுபது என்றேன்.
வயருக்குச் சேர்த்து.

வெள்ளிக்கிழமை கம்பெனி ஆள் ஹரிகரசுதன் வந்தார்,
மதுரையிலிருந்து, நனைந்த ஷூவோடு.
வாடிக்கையாளர் கருத்துத் தாளை நீட்டிவிட்டு
ஏத்தம்பழ பஜ்ஜி இரண்டு தின்றார்.
சத்தம் என்ற கட்டத்தில்
'மிக அமைதி' என்று குறித்தேன்.
பக்கத்தில் சின்னதாகக் 'குறை' என்றும் எழுதினேன்.
"இது நல்லதா கெட்டதா சார்?
ஒண்ணு சொல்லுங்க, மேல அனுப்பணும்."
நான் பஜ்ஜிக் கடைக்காரனுக்குச் சில்லறை தேடினேன்.
எண்ணெய் விரலால் அந்தச் சொல்லைத்
தேய்த்துப் பார்த்தார். பரவியது.

பதினோரு பெட்டி மீதி.
பரணில் விசிறி நாலு இருக்கிறது.
எண்பது சொல்லியிருக்கலாம்.